கம்பெனிக்கு எழுதாதீர்கள் தம்பி, கல்லூரியில் கேளுங்கள்

தம்பி, அக்காவின் ஸ்பான்சரில் கிரீன் கார்டு வாங்கிக் குடும்பத்தோடு கலிபோர்னியா வந்திருக்கிறீர்கள். மகளை இரண்டு வருடப் படிப்புள்ள கம்யூனிட்டி காலேஜில் சேர்க்க வேண்டும், பெரிய கம்பெனிகள் வசதியில்லாத மாணவர்களுக்குப் பணம் தருகின்றனவாமே, எந்தக் கம்பெனிக்கு எழுதுவது என்று கேட்கிறீர்கள். கார், வாடகை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அக்காவே சொல்வார். படிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கையில் காசில்லாமல் அந்த வாசலில் நின்றவள் நான்.

முதலில், எந்தக் கம்பெனிக்கும் எழுதாதீர்கள். கம்பெனிப் பணம் பெரும்பாலும் நேராக மாணவர் கைக்கு வருவதில்லை. ஏறக்குறைய எல்லாக் கம்யூனிட்டி காலேஜுக்கும் சொந்தமாக ஓர் அறக்கட்டளை உண்டு. பவுண்டேஷன் என்று கேட்டால் காட்டுவார்கள். கம்பெனி அங்கே காசோலை கொடுக்கும், யாருக்குப் போக வேண்டும் என்று கல்லூரிக் குழு முடிவு செய்யும். பல கல்லூரிகளில் ஒரே விண்ணப்பம் போட்டால் போதும், பொருந்துகிற எல்லா உதவித்தொகைக்கும் அதுவே போய்விடும். ஆனால் ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே கெடு முடிந்துவிடுவது உண்டு. கல்லூரி திறந்த பிறகு போய் நின்றால் அடுத்த ஆண்டு வா என்பார்கள்.

அதற்கும் முன்னால் ஃபாஃப்சா படிவம், அதாவது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். கிரீன் கார்டு இருப்பதால் உங்கள் மகள் வசதியில்லாத மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; 2025–26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். இதை வாங்கினால் பின்னால் குடியுரிமை கிடைக்காது என்று விருந்து வீடுகளில் அடித்துப் பேசும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்டுப் படிவத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். அறக்கட்டளைகள் பலவும் ஒரு குடும்பத்தின் தேவையை இந்தப் படிவத்தை வைத்துத்தான் அளக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. பாடங்களை யூனிட் என்ற அளவில் கணக்கிடுவார்கள்; மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். ஆனால் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருந்தால்தான் மாநிலவாசிக் கணக்கு. அதுவரை பல மடங்கு கேட்பார்கள். ஆகவே முதல் ஆண்டில் எத்தனை பாடம் எடுப்பது என்பதைக் கல்லூரியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் வந்து இறங்கிய தேதிக்கான சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பணம் கட்டினால் ஸ்காலர்ஷிப் உறுதி என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். உண்மையான உதவித்தொகைக்கு முன்பணம் கிடையாது. வெளியிலிருந்து ஒரு உதவி கிடைத்ததும் கல்லூரி தான் தரும் உதவியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. 2017இல் மேரிலாண்ட் மாநிலம் முதலில் அதற்குத் தடை போட்டது. ஏழை மாணவர்களுக்காகக் கலிபோர்னியாவிலும் பிறகு சட்டம் வந்தது. இருந்தாலும் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உதவித்தொகையில் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் செலவான தொகைக்கு வரி இல்லை, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் வரி உண்டு.

எனக்கு வந்த இடி கட்டணத்தில் வரவில்லை, புத்தகத்தில் வந்தது. கணக்கியல் புத்தகத்தோடு ஒட்டிய உறையில் ஒரு ரகசிய எண் இருக்கும். அது இல்லாமல் வீட்டுப்பாடம் கம்ப்யூட்டரில் திறக்காது. பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் உறை கிழிந்திருக்கும், எண் செத்திருக்கும். கடையில் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாக நின்ற என்னைப் பார்த்து, அங்கே வேலை செய்த ஒரு மாணவி அறக்கட்டளை அலுவலகத்துக்கு வழி சொன்னாள். அவசர உதவி என்று தனியாக ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. புத்தகச் சீட்டு, பஸ் பாஸ், ஒரு மாத வாடகை, உணவு வங்கி எல்லாம் அதில் அடங்கும். எனக்குக் கிடைத்த சீட்டின் அடியில் ஒரு வங்கியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது.

விண்ணப்பக் கட்டுரையில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். மதிப்பெண்ணையும் பரிசையும் அடுக்கிவிட்டு, வீட்டுக் கஷ்டத்தை மானம் போகும் என்று மறைக்கிறார்கள். மகளை உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு இரவு வேலை, கல்லூரிக்கு இரண்டு பஸ், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் தான்தான் என்று. நர்சிங், வாகனப் பழுது, இயந்திர வேலை என்று தங்களுக்கு ஆள் தேவைப்படும் படிப்புக்கு மட்டும் என்றே சில கம்பெனிகள் பணம் ஒதுக்கும். அதற்காக அவள் விரும்பிய படிப்பை மாற்றாதீர்கள்.

“இரண்டு வருடக் காலேஜா?” என்று உதடு பிதுக்குவார்கள் நம்மவர்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வேறு கல்லூரியிலிருந்து இடையில் வந்து சேரும் மாணவர்களில் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. அப்படிப் போய்ப் பட்டம் வாங்கியவள் நான், எங்கும் மறைத்ததில்லை.

உங்கள் அக்கா மகன் சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் ஒரு தொகையை நன்கொடையாகக் கொடுத்தால் அதே தொகையைக் கம்பெனியும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். பல கம்பெனிகளில் இருக்கிறது. பெரிய சம்பளத்தில் இருக்கும் நம்மவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது ஆறாத குறை. நான் ஒவ்வொரு டிசம்பரிலும் என் கல்லூரியின் அவசர நிதிக்குக் கொடுக்கிறேன், என் கம்பெனியும் அதே அளவு கொடுக்கிறது. அக்கா மகனை உங்கள் மகள் சேரும் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.