கரையிறங்கியவர் வேறு, தஞ்சம் கோரியவர் வேறு: தென் ஐரோப்பிய அகதிக் கொள்கை பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளைப் பற்றியவை. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன். தங்கள் வழக்கு விவரங்களையே எழுதி அனுப்பியவர்களுக்கு இங்கே பதில் தரவில்லை. அவற்றை ஒரு வழக்கறிஞரைத் தவிர வேறு யாரிடமும் எழுத்தில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காகத் தென் ஐரோப்பிய நாடுகளின் தஞ்சக் கொள்கைகளை ஒப்பிட நினைக்கிறேன். அந்நாட்டு மொழிகள் எதுவும் எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 'எக்ரே' என்று அழைக்கப்படும் ஐரோப்பிய அகதிகள் பேரவை 'ஐடா' என்ற பெயரில் ஒரு தஞ்சத் தகவல் தளத்தை நடத்துகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். அதன் நாட்டறிக்கைகளை அந்தந்த நாட்டில் வழக்காடுகிறவர்களும் முகாம்களுக்குப் போய்வருகிறவர்களுமே எழுதுகிறார்கள்: இத்தாலிக்குக் குடிவரவுச் சட்ட ஆய்வுச் சங்கமான அஸ்ஜி, கிரீஸுக்குக் கிரேக்க அகதிகள் பேரவை, ஸ்பெயினுக்கு அகதி உதவி அமைப்பான அக்செம், சைப்ரஸுக்கு அந்நாட்டு அகதிகள் பேரவை. அறிக்கைகளை ஆங்கிலத்தில் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் சட்டகம் ஒன்றே: முதலில் புள்ளிவிவர அட்டவணை, பிறகு விண்ணப்ப நடைமுறை, தங்கும் வசதி, தடுத்துவைப்பு, இறுதியாகப் பாதுகாப்பு கிடைத்த பின் உள்ள உரிமைகள். ஒப்பீட்டாய்வு செய்பவருக்கு இது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஆனால் அறிக்கை எந்தத் தேதி வரையிலான நிலையைச் சொல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் அதிலிருந்து ஒரு வரியையும் எடுத்தாளாதீர்கள். இத்தாலியில் உள்ளாட்சிகள் வழியாக நடக்கும் தங்குமிட அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் 'ஸ்ப்ரார்' என்று சட்டத்தில் இடம்பெற்ற அது, 2018-இல் 'சிப்ரோய்மி' ஆகி, 2020-இல் 'சாய்' ஆனது. மாறியது பெயர்ப்பலகை மட்டுமாக இருந்தால் கவலையில்லை. 2018-இல் தஞ்சம் கோரிக் காத்திருப்போர் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். 2020-இல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். குட்ரோ கடற்கரையில் படகு உடைந்து பலர் இறந்த பின் வந்த 2023-ஆம் ஆண்டு அவசரச் சட்டம், பலவீன நிலையில் உள்ளோர் போன்ற சில பிரிவினரைத் தவிர மற்றவர்களை மறுபடி வெளியே நிறுத்தியது. 2021-இல் எழுதப்பட்ட ஒரு நல்ல கட்டுரை 2024-இல் தவறான கட்டுரையாகிவிடுவது இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் ஏற்ற புதிய குடிவரவு-தஞ்ச ஒப்பந்தத்தின் சட்டங்களில் பெரும்பாலானவை 2026 ஜூன் 12-ஐ நடைமுறைத் தொடக்கமாகக் கொண்டவை என்பதால், உங்கள் ஆய்வேட்டில் அந்தத் தேதிக்கு முன், பின் என்று ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு தீர்ப்பை முழுமையாகப் படிக்க நேரமிருந்தால், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011 ஜனவரி 21-இல் அளித்த 'எம்.எஸ்.எஸ். எதிர் பெல்ஜியம், கிரீஸ்' தீர்ப்பைப் படியுங்கள். பொதுவாக முதலில் நுழைந்த ஒன்றிய நாடே விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்ற டப்ளின் விதியின்படி, ஆப்கானியர் ஒருவரை பெல்ஜியம் கிரீஸுக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே அவர் தடுத்துவைக்கப்பட்டு, பிறகு தெருவில் விடப்பட்டார். அவரை அப்படி நடத்திய கிரீஸும், நிலைமை தெரிந்தே அனுப்பிய பெல்ஜியமும் மனித உரிமைகளை மீறியதாக நீதிமன்றம் கண்டது. 'தெரிந்தே' என்பதை நிறுவ, ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொண்டு அமைப்புகளும் எழுதிய அறிக்கைகளும் கடிதங்களுமே சான்றாக நின்றன. தொண்டு அமைப்பின் அறிக்கையை ஆய்வில் எடுத்தாளலாமா என்று தயங்கும் மாணவர்களுக்கு நான் எப்போதும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

கேள்வி: 2024-இல் இத்தாலிக்குக் கடல்வழி வந்தவர்கள் சுமார் 66 ஆயிரம் பேர் என்கிறது ஒரு செய்தி, தஞ்சம் கோரியவர்கள் ஒன்றரை லட்சம் பேர் என்கிறது இன்னொரு செய்தி. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். முதல் எண் உள்துறை அமைச்சகத்தின் தினசரிக் கரையிறங்கல் கணக்கு. இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடும் முதல்முறை விண்ணப்பதாரர் கணக்கு. இத்தாலியில் கரையிறங்கியவர்களின் எண்ணிக்கை 2023-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்து அடுத்த ஆண்டு பாதிக்கும் கீழே விழுந்தது. விண்ணப்பங்களோ அதே ஆண்டில் கூடின. முந்தைய ஆண்டு இறங்கியவர் விண்ணப்பம் பதிய மாதக்கணக்கில் காத்திருந்திருக்கலாம். தரைவழியாகவோ விமானத்திலோ வந்தவர் கடல் கணக்கில் வரவே மாட்டார். பெரு நாட்டவர் ஆயிரக்கணக்கில் இத்தாலியில் தஞ்சம் கோருகிறார்கள்; அவர்களில் யாரும் லம்பெதூசா தீவில் படகிலிருந்து இறங்கியவர்கள் அல்லர்.

ஸ்பெயினில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. கேனரித் தீவுகளுக்கு 2024-இல் 46,843 பேர் படகில் வந்தார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்த மரப்படகுகளைத்தான். அதே ஆண்டு ஸ்பெயினில் தஞ்சம் கோரிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரிய குழு வெனிசுவேலர்கள். விசா தேவையில்லாததால் அவர்கள் விமானத்தில் வந்திறங்குகிறார்கள். படகை மட்டும் பார்த்துக் கொள்கை எழுதுகிறவர் மட்ரிட் விமான நிலையத்தைக் கோட்டை விட்டுவிடுவார்.

'ஏற்பு விகிதம்' என்ற எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. அகதித் தகுதி, துணைப் பாதுகாப்பு (அகதி வரையறைக்குள் வராவிட்டாலும் திரும்பினால் கடும் தீங்கு நேரக்கூடியவருக்குத் தருவது) ஆகியவற்றோடு, அந்தந்த நாடு தன் சட்டப்படி தரும் மனிதாபிமான அனுமதியையும் யூரோஸ்டாட் சேர்த்து எண்ணுகிறது. மால்டாவில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத் தஞ்ச முகமை அந்த மூன்றாவதை விட்டுவிடுகிறது. வெனிசுவேலர்களுக்கு ஸ்பெயின் தருவது பெரும்பாலும் மனிதாபிமானக் காரண அனுமதியே என்பதால், ஒரு கணக்கில் அவர்கள் ஏற்கப்பட்டவர்கள், இன்னொன்றில் மறுக்கப்பட்டவர்கள். எல்லைக் காவல் முகமையான ஃப்ரான்டெக்ஸின் எண்ணோ எல்லை தாண்டல்களைக் கணக்கிடுகிறது. ஒரே ஆள் மூன்று முறை தாண்டினால் மூன்று. அதை 'இத்தனை பேர்' என்று மொழிபெயர்க்கும் தமிழ்ச் செய்திகளை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கேள்வி: துருக்கி 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' என்று கிரீஸ் அறிவித்துவிட்டால், அங்கிருந்து வந்தவர்களின் வழக்கு முடிந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: தாளில் அப்படித்தான். சிரியா, ஆப்கானிஸ்தான், சோமாலியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய ஐந்து நாட்டவருக்குத் துருக்கி பாதுகாப்பானது என்று 2021 ஜூனில் அமைச்சர்களின் கூட்டாணை வந்தது. அதனால் 'உன் கதை உண்மையா' என்ற கேள்விக்கே போகாமல், 'நீ துருக்கியில் கேட்டிருக்கலாம்' என்று விண்ணப்பத்தை வாசலிலேயே தள்ள முடிந்தது. ஆனால் துருக்கியோ 2020 மார்ச்சிலிருந்தே யாரையும் திரும்ப ஏற்பதை நிறுத்தியிருந்தது. ஆக, ஒருவருடைய வழக்கை இங்கே விசாரிக்கவும் மாட்டார்கள், அங்கே அனுப்பவும் முடியாது. இந்த இடைவெளியில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

கிரேக்க அகதிகள் பேரவையும் ஏஜியன் அகதிகள் ஆதரவு அமைப்பும் தொடுத்த வழக்கு ஏதென்ஸிலிருந்து லக்சம்பர்க் வரை போனது. திரும்ப ஏற்பது நின்றுபோனது என்ற காரணத்துக்காகவே பட்டியல் செல்லாததாகிவிடாது; ஆனால் துருக்கி ஏற்க மாட்டாது என்று தெரிந்த நிலையில் ஒருவரின் விண்ணப்பத்தை அந்தக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முதல் பாதியை அரசும் இரண்டாம் பாதியை வழக்கறிஞர்களும் மேற்கோள் காட்டுவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் இரண்டையும் காட்டுங்கள்.

கேள்வி: அகதிகளுக்கு உதவும் அமைப்புகளில் எது உண்மையில் சுயேச்சையானது என்று எப்படி அறிவது?

பதில்: பணம் எங்கிருந்து வருகிறது, என்ன வேலைக்கு வருகிறது என்று ஆண்டறிக்கையின் நிதிப் பக்கத்தில் பாருங்கள். அரசுப் பணம் வாங்கினாலே அமைப்பு ஊமையாகிவிடும் என்பது அவசர முடிவு. ஸ்பெயினில் 1979-இல் தோன்றிய அகதிகள் உதவி ஆணையமும் அக்செமும் செஞ்சிலுவைச் சங்கமும் அரசு நிதியில் தங்குமிடங்களை நடத்துகின்றன. அதே ஆணையம் ஆண்டுதோறும் அரசைக் கண்டித்து அறிக்கையும் வெளியிடுகிறது. இத்தாலியின் 'அசாதாரண வரவேற்பு மையங்கள்' வேறு வகை. மாவட்ட ஆட்சியகங்கள் ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. கூட்டுறவு அமைப்புகளும் நிறுவனங்களும் எடுத்து நடத்துகின்றன. 'அகதிக்கு நாளொன்றுக்கு 35 யூரோ' என்று அங்கே அரசியல் மேடைகளில் முழங்கிய தொகை அந்த ஒப்பந்தக்காரருக்குப் போனது. அகதியின் கையில் விழுந்தது நாளொன்றுக்கு இரண்டரை யூரோ. இந்த மையங்களின் ஒப்பந்தத் தரவுகளை ஓப்பன்போலிஸ் என்ற அறக்கட்டளை தகவல் கோரிப் பெற்று வெளியிடுகிறது. பணத்தைப் பின்தொடர்ந்து எழுத விரும்பும் பத்திரிகையாளருக்கு அது சுரங்கம்.

கேள்வி: இத்தாலியின் பலேர்மோவில் இருபது ஆண்டுகளாக இருக்கிறோம். ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் 'அசைலம் அடிக்க' வேண்டும் என்கிறான். நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி ரொசாலியா அம்மையைக் கும்பிடும் தமிழர்கள் நிறைந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்ணப்பம் காவல் தலைமையகமான 'குவெஸ்தூரா'வில் தொடங்குகிறது. அங்கே நிரப்பப்படும் 'சி-3' படிவமே முறையான விண்ணப்பம். விருப்பத்தைத் தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. வட இத்தாலிய நகரமொன்றில் விடியற்காலை நான்கு மணிக்கு நான் பார்த்த வரிசையில், முதல் ஆளாக நின்ற பெண் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளில் வரிசை எண்ணும் பெயரும் எழுதிக்கொண்டிருந்தார். அன்று உள்ளே அழைக்கப்பட்டவர்கள் அந்தத் தாளின் முதல் சில வரிகள் மட்டுமே. ஆகவே போன ஒவ்வொரு நாளுக்கும் ஏதாவது சான்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விண்ணப்பம் பதிந்து 60 நாட்கள் கடந்தால் வேலை செய்யலாம். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 30 நாட்கள், விரைவு நடைமுறையில் 15 நாட்கள். வருமானம் குறைந்தவருக்கு நீதிமன்ற நிலையில் அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. உங்கள் ஊரிலேயே இயேசு சபையினரின் சென்ட்ரோ அஸ்தல்லியும், பல்கலைக்கழகத்தின் மனித உரிமைச் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. கதையை 'கேஸுக்கு ஏற்றபடி' எழுதித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆளிடம் மட்டும் பையனை அனுப்பாதீர்கள். நேர்காணலில் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

கேள்வி: இயந்திர மொழிபெயர்ப்பை வைத்து இத்தாலிய, ஸ்பானியச் சட்டங்களைப் படிக்கலாமா?

பதில்: பொருள் பிடிக்கப் படிக்கலாம், மேற்கோளுக்கு ஆகாது. இத்தாலியச் சட்டத்தில் துணைப் பாதுகாப்பும், அந்நாடு தன் சட்டப்படி தரும் சிறப்புப் பாதுகாப்பும் வெவ்வேறு உரிமைகள் தருபவை. மொழிபெயர்ப்பில் இரண்டும் 'கூடுதல் பாதுகாப்பு' என்று ஒன்றாகிவிட்டதை ஒரு ஆய்வேட்டில் பார்த்தேன். அதன் மூன்றாம் இயல் முழுவதும் அதனால் சரிந்தது. சட்டச் சொல்லை மூல மொழி ஒலியிலேயே தமிழில் எழுதி, முதல்முறை வரும்போது விளக்கிவிடுங்கள்.

கேள்வி: கிரீஸின் லெஸ்போஸ் அல்லது சாமோஸ் தீவு முகாமுக்குப் போய் அகதிகளை நேர்காணல் செய்ய விரும்புகிறேன். அனுமதி கிடைக்குமா?

பதில்: சாமோஸில் 2021 செப்டம்பரில் திறந்தது, பெயரிலேயே 'மூடிய கட்டுப்பாட்டு மையம்', அமைச்சகத்தின் அனுமதியில்லாமல் வேலிக்கு உள்ளே போக முடியாது. அனுமதி கிடைத்தாலும் முதுகலை ஆய்வுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் உங்களிடம் சொல்லும் ஒரு தேதி, அதிகாரியிடம் சொன்ன தேதியோடு மோதினால் இழப்பு அவருக்கு. ஏற்கெனவே தகுதி கிடைத்து ஏதென்ஸிலோ தெசலோனிக்கியிலோ வாழ்கிறவர்களை, அங்குள்ள ஒரு சட்ட உதவி அமைப்பின் வழியாக அணுகுங்கள். கடிதத்தை ஆகஸ்டில் மட்டும் அனுப்பாதீர்கள். ஐரோப்பாவின் தெற்குப் பாதி முழுவதும் அந்த மாதம் விடுமுறையில் இருக்கும்.