நாடு திவாலா? லெஸ்டரிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பிரிட்டனில் லெஸ்டருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, மாஸ்டர்ஸ் படிப்பு, வாரம் 20 மணி நேரம் வேர்ஹவுஸ் வேலை. சாப்பாட்டு நேரத்தில் 2024 பொதுத்தேர்தல் பேச்சு வந்தாலே ஆளாளுக்குக் குமுறுகிறார்கள். லேபர் கட்சி அமோகமாக ஜெயித்தது என்கிறார்கள், ஆனால் அதற்கு ஓட்டுப் போட்டதாக ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. கூடவே, "நாடு திவால், கஜானா காலி" என்ற புலம்பல். கல்விக் கடன் வாங்கி வந்திருக்கும் நான் இதையெல்லாம் கேட்டுப் பயப்பட வேண்டுமா, வேறு நாடு பார்க்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நாட்டுக் கடனை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அந்தக் கடனைக் காட்டி அரசாங்கம் எதை எதையெல்லாம் செய்கிறது என்பதில்தான் ஒரு கண் வைக்க வேண்டும்.

முதலில் அந்த ஓட்டுக் கணக்கு. 2024 ஜூலை 4ஆம் தேதி நடந்த தேர்தலில் 650 இடங்களில் லேபர் 411ஐப் பிடித்தது. கன்சர்வேடிவ் கட்சி 121 இடங்களோடு, தன் வரலாற்றிலேயே காணாத தோல்வியைக் கண்டது. ஆனால் லேபருக்கு விழுந்தது 33.7 சதவீத ஓட்டு. வாக்குச்சாவடிக்குப் போனவர்களே பத்துக்கு ஆறு பேர்தான். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் லேபருக்குப் போட்டிருக்கிறார். உங்கள் மேசையில் பத்து வாக்காளர்கள் உட்கார்ந்திருந்தால் அதில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் சாண்ட்விச் சாப்பிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019இல் ஜெரமி கார்பின் தலைமையில் இதே கட்சி மண்ணைக் கவ்வியபோது அதற்குக் கிடைத்த ஓட்டு ஒரு கோடிக்கு மேல். கியர் ஸ்டார்மர் ஜெயித்துப் பிரதமரானபோது கிடைத்தது 97 லட்சம். ரிஃபார்ம் கட்சிக்கு 41 லட்சம் ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட்ஸுக்கு 35 லட்சம் ஓட்டு, 72 இடம். நம் ஊரிலும் இதே தேர்தல் முறைதான் என்பதால் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மக்கள் கன்சர்வேடிவைத் துரத்த நினைத்தார்கள், துரத்தினார்கள். அதற்காக லேபரை வாழ்த்தி வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது.

நம் லெஸ்டரில் அன்று இரவு நடந்தது தனிக் கூத்து. நாடு முழுக்க லேபர் அலை என்று டிவியில் வரைபடம் சிவந்துகொண்டே போகிறது, இங்கே லெஸ்டர் கிழக்கில் கன்சர்வேடிவ் வேட்பாளர் ஷிவானி ராஜா ஜெயிக்கிறார். அந்தக் கட்சி அன்று லேபரிடமிருந்து பறித்த ஒரே தொகுதி அதுதான். காரணம் எளிது. லேபரின் முன்னாள் எம்.பி.க்கள் இரண்டு பேர், கீத் வாஸும் கிளாடியா வெப்பும், அதே தொகுதியில் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்தார்கள். லெஸ்டர் தெற்கில் அமைச்சராவார் என்று எல்லோரும் நம்பிய லேபரின் ஜோனதன் ஆஷ்வொர்த், காசாவை முன்வைத்து நின்ற சுயேச்சை ஷொக்கத் ஆதமிடம் 979 ஓட்டில் தோற்றார். லெஸ்டர் மேற்கில் மட்டும் லேபரின் லிஸ் கெண்டல் ஜெயித்து அமைச்சரானார். ஆக உங்கள் வேர்ஹவுஸில் யார் எந்தப் பகுதியிலிருந்து வருகிறாரோ, அதைப் பொறுத்து அவர் கோபமும் மாறும். எல்லோரும் ஒரே தேர்தலைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, திவாலுக்கு வருவோம்.

திவால் என்றதும் நமக்கு 2022 இலங்கைதான் கண்முன் வரும். டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. பிரிட்டன் நிலைமை வேறு. இவர்கள் கடன் வாங்குவது தங்கள் சொந்தப் பணமான பவுண்டில். கடன் எவ்வளவு என்று கேட்டால், தேர்தல் நேரத்தில் சுமார் 2.7 டிரில்லியன், அதாவது 2.7 லட்சம் கோடி பவுண்ட். தலைக்கு ஏறத்தாழ 40,000. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்திக்குக் கிட்டத்தட்டச் சமம். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அது உற்பத்தியைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. அந்தப் போருக்குப் பின் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை இவர்கள் கட்டியது 2006 டிசம்பரில். நான் இங்கே வந்து இறங்கியதற்கு முந்தைய வருடம்!

நான் வந்த 2007இல் கடன் உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் கீழே. அப்புறம் வரிசையாக அடி. 2008இல் வங்கிகளைக் காப்பாற்றியதும், அதைத் தொடர்ந்த பொருளாதாரச் சரிவும். 2020இல் கொரோனா, வீட்டில் உட்கார வைத்தவர்களுக்கு அரசாங்கமே சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்ட் வரை, கொடுத்தது. அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் 30,000 கோடி பவுண்டுக்கு மேல் கடன். பிறகு உக்ரைன் போர், கேஸ் விலை. 2022 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு வீட்டுக் கரண்ட் பில் கணக்கிலும் 66, 67 பவுண்டாக மொத்தம் 400 வரவு வைத்தார்கள். என் கணக்கிலும் வந்தது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று கடனைப் பார்த்துக் கொதிப்பவர்கள் யாரும் சொல்லவில்லை.

உண்மையில் உறுத்துவது வட்டி. ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்ட் அளவில் போகிறது, ராணுவச் செலவைவிட அதிகம். கடனில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு விலைவாசியோடு சேர்ந்து ஏறும் அரசுக் கடன் பத்திரங்கள் என்பதால், 2022இல் விலை ஏறியபோது வட்டியும் எகிறியது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பக்கத்து ஊர் நாட்டிங்ஹாம் திவாலாகிவிட்டது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது நகராட்சி. 2023இல் பர்மிங்ஹாமும் நாட்டிங்ஹாமும் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் விட்டன. கட்டாயமானவை தவிரப் புதுச் செலவு எதுவும் செய்ய மாட்டோம் என்று பொருள். குப்பை வண்டி வரும், பள்ளிக்கூடம் நடக்கும். நூலகம் மூடும், கவுன்சில் வரி, அதாவது வீட்டுக்கான உள்ளாட்சி வரி, ஏறும். பர்மிங்ஹாமில் 2024 ஏப்ரலில் ஒரே அடியாகப் பத்து சதவீதம் ஏற்றினார்கள்.

இந்த ஊர் அரசியலில் கடன் ஒரு பழைய ஆயுதம். 2010இல் தோற்றுப்போன லேபரின் கருவூலத் துணை அமைச்சர் லியாம் பைர்ன், தனக்குப் பின் வருபவருக்குப் பணம் மிச்சமில்லை என்று விளையாட்டாக ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டைக் கன்சர்வேடிவ் பிரதமர் டேவிட் கேமரன் 2015 பிரசாரம் வரை சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தார். அதன் பேரால்தான் அந்த ஆண்டுகளின் செலவு வெட்டு, 20 சதவீத வாட் வரி, 9,000 பவுண்ட் கல்லூரிக் கட்டணம் எல்லாம் வந்தன. 2024இல் லேபர் அதையே திருப்பிப் போட்டது. பதவிக்கு வந்த அதே மாதம் புதிய நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எழுந்து, முந்தைய ஆட்சி வரவு செலவில் 2,200 கோடி பவுண்ட் ஓட்டையை மறைத்துவிட்டுப் போனது என்றார். ஆள் மாறினாலும் வசனம் மாறவில்லை.

ஆனால் சந்தை கடனைக் கண்டு பயந்த சம்பவம் ஒன்று உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 செப்டம்பர் 23 அன்று அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸின் அரசாங்கம், பணத்துக்கு வழி சொல்லாமல் 4,500 கோடி பவுண்ட் வரிக்குறைப்பை அறிவித்தது. பவுண்ட் டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவு விழுந்தது, மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி குறுக்கே வந்து பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று, வீட்டுக் கடன் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் நிலை வட்டிக் காலம் முடிந்தவர்கள் பட்ட பாட்டை என் தெருவிலேயே பார்த்தேன். டிரஸ் சில வாரங்களில் பதவி இழந்தார், 2024இல் தன் தொகுதியையும் 630 ஓட்டில் இழந்தார். அன்றிலிருந்து எந்த நிதி அமைச்சரும் பத்திரச் சந்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறார்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொன்னால் இன்னும் புரியும். காலுறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தேர்தல் முடிவு வந்த வெள்ளிக்கிழமை காலை ஆரஞ்சு நிற மறுசுழற்சிப் பையை வாசலில் வைத்துக்கொண்டே, யார் வந்தாலும் காசு இல்லை என்றுதான் சொல்வார்கள், பாருங்கள் என்றார். மூன்றே வாரத்தில் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை ரீவ்ஸ் வெட்டினார். இவருக்கு 200 பவுண்ட் போயிற்று. அரசாங்கத்துக்கு மிச்சம் சுமார் 150 கோடி பவுண்ட், அந்த 2,200 கோடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்காக ஒரு கோடி முதியவர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டு, 2025 ஜூனில் ஆண்டு வருமானம் 35,000 பவுண்ட் வரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். என் கணிப்பில் இந்த அரசாங்கம் செய்த மிகப் பெரிய மடத்தனம் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெரியவர் பேரன் பேத்திகளின் தலையில் எவ்வளவு கடன் என்று புலம்புவார். அதே மூச்சில் தன் பிரீமியம் பாண்டுக்கு இந்த மாதம் 25 பவுண்ட் பரிசு விழுந்ததையும் சொல்வார். பிரீமியம் பாண்ட் என்பது அரசாங்கத்துக்கு நாம் கொடுக்கும் கடன். அவருடைய பென்ஷன் நிதியும் அரசுப் பத்திரங்களில்தான் இருக்கும். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

உங்களுக்கு இது எந்த வழியில் வந்து சேரும்? உதாரணமாக, உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். வருமான வரியையும் வாட்டையும் ஏற்ற மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டதால், லேபர் அரசாங்கம், ஆட்களின் சம்பளத்தின் மேல் முதலாளிகள் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற காப்பீட்டு வரியில் கை வைத்தது. 2025 ஏப்ரலிலிருந்து 13.8 சதவீதம் 15 ஆயிற்று. முன்பு ஆண்டுச் சம்பளத்தில் 9,100 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்குக் கட்டியதை இப்போது 5,000க்கு மேலேயே கட்ட வேண்டும். 2025இன் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21 பவுண்ட் வீதம் வாரம் 20 மணி நேரம் வருடம் முழுக்க உழைக்கும் ஒருவருக்கு முதலாளி கட்டுவது பழைய கணக்கில் சுமார் 500 பவுண்ட், புதிய கணக்கில் 1,150. சின்னக் கடைகளுக்குத் தள்ளுபடி உண்டு, பெரிய நிறுவனங்களுக்கு வலிக்கும். பகுதி நேர ஆட்களை எடுக்க யோசிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். படிப்பு முடித்து முழுநேர வேலைக்குப் போனதும் கவுன்சில் வரி பில் வரும். மாணவர் விலக்கு அதோடு சரி. வரியில்லா வருமான வரம்பு 12,570 பவுண்ட் 2021லிருந்து அசையவில்லை, சம்பளம் ஏற ஏற வரி கூடும்.

இதையெல்லாம்விட விசா விதிகளைப் பாருங்கள். 2025 மே மாதக் குடியேற்ற வெள்ளை அறிக்கையில், படிப்பு முடிந்த பின் இங்கே தங்கி வேலை பார்க்க உதவும் பட்டதாரி விசாவை இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைக்கவும், நிரந்தர வசிப்புரிமைக்கான காலத்தை 5 வருடத்திலிருந்து பொதுவாக 10 ஆக்கவும் திட்டம் வைத்தார்கள். நீங்கள் திட்டமிட வேண்டியது இதை வைத்துத்தான். கடனுக்கெல்லாம் வந்தேறிகள்தான் காரணம் என்று யாராவது சொன்னால், விசாவுக்கு முன்பே வருடத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டு, அரசு உதவித்தொகை எதையும் தொட முடியாத விசாவில் இருப்பதாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம், இடைவேளை அரை மணி நேரம்தான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. இந்தியக் குடிமகனான உங்களுக்கு இங்கே பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டவர் மாணவர் விசாவில் இருந்தாலும் பதிவு செய்யலாம். உங்களோடு வேலை செய்யும் போலந்துக்காரருக்குக் கிடையாது, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால் ஒழிய. ஆன்லைனில் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணோடு ஐந்து நிமிட வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வங்கியும் போன் நிறுவனமும் உங்கள் கடன் தகுதியைப் பார்க்கும்போது உதவும். சாவடி காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, விடுமுறை கிடையாது, விரலில் மையும் கிடையாது. புகைப்பட அடையாளம் கேட்பார்கள், மாணவர் அட்டை செல்லாது, இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், காலாவதியாகியிருந்தாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும்.