ஒரே முறையில் கல் முழுவதும் வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு வயது 62. வலது சிறுநீரகத்தின் நடுப்பையில் 26 × 18 மி.மீ. அளவில் ஒரு கல்லும், கீழ்க் கிண்ணத்தில் 8 × 7 மி.மீ. அளவில் இன்னொரு கல்லும் இருப்பதாகச் சி.டி. ஸ்கேன் காட்டுகிறது. கல்லின் அடர்த்தி சி.டி. அளவுகோலில் 1200, தோலிலிருந்து கல் வரை 85 மி.மீ., சிறுநீரகத்தில் நீர்கோத்த வீக்கம் லேசானது என்றும் அறிக்கையில் உள்ளது. முதுகில் சிறு துளையிட்டு எடுக்கலாம் என்ற மதுரை மருத்துவர், ஒரே முறையில் முழுவதும் வந்துவிடும் என்று உறுதி தர மறுக்கிறார். காரைக்குடியில் எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரே நாளில் எல்லாம் முடிந்ததே!
– வாசகி, தேவகோட்டை

பதில்: உறுதி தர மறுத்த மருத்துவரை நம்பலாம் என்பதே என் கருத்து. 'பிசிஎன்எல்' எனப்படும் இந்தத் துளைவழி அறுவையின் பலன், கல்லின் பருமனோடு, அது எந்தக் கிண்ணத்தில் ஒளிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் முதலில் சேரும் சிறு குழிவுகளே கிண்ணங்கள்; அவை வந்து கூடும் இடம் நடுப்பை.) லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட 'கைஸ் ஸ்டோன் ஸ்கோர்' இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. இயல்பான அமைப்புள்ள சிறுநீரகத்தின் நடுப்பையிலோ, நடு, கீழ்க் கிண்ணங்களிலோ ஒற்றைக் கல் இருந்தால் முதற்படி. கிண்ணங்கள் அனைத்தையும் அடைத்துக் கிளைவிட்ட முழு மான்கொம்புக் கல் நான்காம் படி. அவர்களுடைய ஆய்வில் முதற்படியினரில் 81 சதவீதத்தினருக்குக் கல் முழுமையாக நீங்கியது. இரண்டாம் படியில் அது சுமார் 72, மூன்றாம் படியில் 35, நான்காம் படியில் 29 சதவீதமாகக் குறைந்தது. தங்கள் அப்பச்சிக்கு இரண்டு கற்கள் இருப்பதால், சிறுநீரக அமைப்பு இயல்பானதாக இருந்தாலும் அவர் இரண்டாம் படியில்தான் வருவார். உறவினருக்கு ஒற்றைக் கல்லாக இருந்திருக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் கல்லை இன்னொருவர் கல்லோடு ஒப்பிடுவது நம் பக்கத்து வழக்கம், ஆனால் ஸ்கேனைப் பக்கத்தில் வைக்காத ஒப்பீடு அது.

'ஸ்டோன்' என்ற மற்றொரு மதிப்பெண் முறையும் உண்டு. ஐந்து அம்சங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் தந்து கூட்டுவது அது. இரு கற்களின் பரப்பு சேர்ந்து சுமார் 524 சதுர மி.மீ. ஆவதால் 2; தோலிலிருந்து உள்ள தூரம் 100 மி.மீட்டருக்குள் இருப்பதால் 1. லேசான வீக்கத்துக்கு 1. கல் உள்ள கிண்ணம் ஒன்றே என்பதால் 1. அடர்த்தி 950-ஐத் தாண்டியதால் 2. ஆக மொத்தம் 7. இம்முறையில் மிகக் குறைந்தது 5, மிக அதிகம் 13. எண் ஏற ஏறக் கல் மிஞ்சும் வாய்ப்பும் ஏறும். அப்பச்சியின் எண் எளிய பக்கத்திலேயே நிற்கிறது.

எனினும் இவை ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். செய்பவரின் அனுபவம் இவற்றில் அடங்குவதில்லை. 'முழுமையாக நீங்கியது' என்பதையும் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத துணுக்கு சி.டி.யில் தெரியும். கீழ்க் கிண்ணத்துக் கல்லை அதே துளை வழியாக எட்ட முடியுமா, மிஞ்சினால் அடுத்து என்ன செய்வார்கள் என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை அவசியம். கிருமி இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை தர வேண்டும். அப்பச்சி இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவராயின், அதைத் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து முடிவு செய்யட்டும்.