மடைப் பேரை எந்த விக்கியில் எழுதுவது?

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து எங்கள் பக்கத்துக் குளம், மடை, மறுகால் பற்றியெல்லாம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதை விக்கியாக, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளமாக, இணையத்தில் போட ஆசை. குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி, விக்கிப்பீடியாவே மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது, நமக்கும் அதுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சாதாரண ஹோஸ்டிங் ஒன்று வாங்கியாகிவிட்டது. எதைப் போடலாம்?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: தம்பி சொல்வது பொய்யில்லை தங்கச்சி. ஆனால் நாளைக்கு அவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டால் அதை யார் பார்த்துக்கொள்வது என்று அவனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். மீடியாவிக்கிக்கு டேட்டாபேஸ் வேண்டும், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும், நீண்டகாலப் பதிப்பு என்று எடுத்தாலும் மூன்று வருஷம்தான் ஆதரவு, அப்புறம் மாற்றித்தான் ஆக வேண்டும். விக்கிப்பீடியாவில் ஓரமாகத் தெரிகிற தகவல் பெட்டி இருக்கிறதே, குளத்தின் பரப்பு, மடை எத்தனை என்று போட அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது மீடியாவிக்கியை நிறுவியதும் கூடவே வருவதில்லை. அங்கிருந்து ஒரு வார்ப்புருவை (பெட்டிக்கான அச்சு) எடுத்து ஒட்டினால் அது இன்னும் பத்து வார்ப்புருவைக் கேட்கும், அது லுவா என்ற மொழியில் எழுதிய நிரலைக் கேட்கும், வால் நீண்டுகொண்டே போகும்.

உங்கள் ஒன்பது பேரில் உட்கார்ந்து டைப் செய்யப் போவது இரண்டு பேர். மற்றவர்கள் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். எந்தக் குழுவிலும் நான் பார்த்தது இதுதான். அந்த இரண்டு பேருக்கு டோக்குவிக்கி போதும். ஜெர்மனிக்காரர் ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் தொடங்கியது, ஹோஸ்டிங்கில் பிஎச்பி என்ற நிரல் மொழி இருந்தால் போதும், டேட்டாபேஸே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பழைய பதிப்புகள் ‘அட்டிக்’ என்ற ஃபோல்டரில் கிடக்கும், நம் வீட்டுப் பரண் மாதிரி. ஒரே மடைக்கு இரண்டு தாத்தா இரண்டு பேர் சொல்வார்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பார்க்க அது உதவும்.

ஒரு சங்கதி மட்டும், இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டும். டோக்குவிக்கி பக்கத் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கிறது, அதையும் சதவீதக் குறி போட்ட சங்கேதமாக மாற்றி வைக்கிறது. கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும், ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கும். ‘திருநெல்வேலி’ என்பதற்கே 108 ஆகிவிடுகிறது. லினக்ஸ் சர்வரில் கோப்புப் பெயருக்கு வரம்பு 255 பைட், அதாவது இப்படி 255 இடம். ‘கன்னடியன் கால்வாய்ப் பாசனக் குளங்கள்’ என்று தலைப்பு வைத்தீர்களோ, 300-ஐத் தொட்டுவிடும், பக்கம் சேமிக்காது. செட்டிங்கில் கோப்புப் பெயர் முறையை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். முதல் பக்கம் எழுதுவதற்கு முன்னாலேயே மாற்றுங்கள், நூறு பக்கம் ஏறிய பிறகு மாற்றினால் பழையதெல்லாம் கண்ணில் படாது.

ஆயிரக்கணக்கில் பக்கம், ஊர் ஊராக எழுதும் ஆட்கள் என்று வளர்ந்தால் தம்பி ஜெயித்தான், அப்போது மீடியாவிக்கி.

கேள்வி: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விடலாமா?
— அதே வாசகி

பதில்: விட்டால் மறுநாள் காலையில் குளத்துப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் இருக்கும். படிக்க எல்லாருக்கும், எழுத கணக்கு உள்ளவர்களுக்கு. கணக்கு தொடங்கும் இடத்தில் நீங்களே ஒரு கேள்வி வையுங்கள்: ‘பிசானத்துக்கு முந்தின பூ எது?’ (பூ என்றால் இங்கே நெல் போகம்; பிசானம், கார் இரண்டும் போகத்தின் பெயர்கள்.) பதில் ‘கார்’ என்று நம் பக்கத்துப் பையன்கள் சொல்லிவிடுவார்கள், விளம்பரம் ஒட்டவரும் இயந்திரம் முழிக்கும். மீடியாவிக்கி, டோக்குவிக்கி இரண்டிலுமே இப்படிக் கேள்வி வைக்க வழி இருக்கிறது.

கேள்வி: இலவசமாகவே விக்கி தருகிறார்களாமே, ஹோஸ்டிங் செலவு எதற்கு?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் ஒரு இலவசச் சேவையில் ஒன்றரை வருஷம் எழுதினோம். மூடப் போகிறோம் என்று அவர்கள் அனுப்பிய கடிதம் யாருமே திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. மிஞ்சியது என் பெரியம்மா மகன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பதினோரு பக்கம். இலவசத்தில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள பட்டன் இருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பென் டிரைவை தம்பியிடம் கொடுக்காமல் ஊரிலேயே இருக்கிற ஆளிடம் கொடுங்கள்.