ஏசா மன்னித்த பிறகும் யாக்கோபு ஏன் அண்ணன் வாழ்ந்த சேயீருக்குப் போகவில்லை?

"யாக்கோபு தன் அண்ணன் ஏசாவை ஏமாற்றினான். இருபது வருஷம் கழித்து ஏசா அவனைக் கட்டிப்பிடித்து மன்னித்துவிட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பழைய நம்பிக்கை திரும்பியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். அதுவும் ஏமாந்தவன் நம்பிவிட்டான், ஏமாற்றியவனால்தான் கடைசிவரை நம்ப முடியவில்லை. ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை நான்காம் வசனத்தோடு நிறுத்தாமல் பதினேழுவரை வாசித்தால் இது தெரியும். நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை அந்த அணைப்போடும் அழுகையோடும் முடிந்துவிடுகின்றன. எனக்கு அது வருத்தம், ஏனென்றால் கதையின் வலியே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

ஏமாற்று என்றதும் பலர் பயற்றங்கூழைச் சொல்வார்கள். அதை நான் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளவில்லை. களைத்து வந்த அண்ணனிடம் ஒரு வேளை சாப்பாட்டுக்கு அவன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, பேரம் பேசியது ஈரமில்லாத வேலைதான். ஆனால் தம்பி கேட்பது என்ன என்று ஏசாவுக்குத் தெரியும். தெரிந்தே ஆணையிட்டுக் கொடுத்தான், சாப்பிட்டான், எழுந்து போனான். நம்பிக்கை உடைந்தது 27-ஆம் அதிகாரத்தில், அப்பாவின் படுக்கை அருகே.

கண் மங்கிப்போன ஈசாக்கு மூத்தவனைக் கூப்பிட்டு, வேட்டையாடிக் கொண்டுவந்து எனக்குப் பிடித்த மாதிரி சமைத்துக் கொடு, சாவதற்கு முன் உன்னை ஆசீர்வதிக்கிறேன் என்கிறான். ரெபெக்காள் அதைக் கேட்டுவிடுகிறாள். இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள், வீட்டில் இருந்த ஏசாவின் நல்ல உடுப்பு, கைக்கும் கழுத்துக்கும் ஆட்டுத்தோல் என்று எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. யாக்கோபுக்கு ஒரே ஒரு தயக்கம்தான் வருகிறது: அப்பா தடவிப் பார்த்தால் நான் எத்தன் என்று தெரிந்துவிடுமே, சாபம் வந்துவிடுமே. இது அண்ணனுக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

ஈசாக்கு லேசில் ஏமாறவில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நீ யார் என்று கேட்கிறான். உம்முடைய மூத்த மகன் ஏசா என்று பதில். இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறான். உம்முடைய தேவனாகிய கர்த்தர் கிடைக்கப் பண்ணினார் என்று பதில். அப்பா நம்புகிற கடவுளின் பெயரையே அப்பாவை ஏமாற்ற எடுத்துக்கொள்கிறான். கிட்டே வா, தடவிப் பார்க்கிறேன் என்கிறான் ஈசாக்கு. சத்தம் யாக்கோபின் சத்தம், கைகள் ஏசாவின் கைகள் என்று அவனே சொல்கிறான். காது சரியாகச் சொன்னதைத் தள்ளிவிட்டுக் கையை நம்புகிறான். மறுபடியும், நீ என் மகன் ஏசாதானா? நான்தான். சாப்பிட்டு முடித்து, கிட்டே வந்து முத்தம் கொடு என்று சொல்லி, அந்த உடுப்பின் வாசனையை முகர்ந்த பிறகுதான் ஆசீர்வாதம் வருகிறது. உண்மையைச் சொல்ல யாக்கோபுக்கு எத்தனை இடம் இருந்தது!

அவன் வெளியே போன கையோடு ஏசா வருகிறான். நடந்தது தெரிந்ததும் ஈசாக்கு நடுநடுங்கிப்போகிறான். ஏசா கேட்பது இது: அப்பா, உம்மிடம் இருப்பது ஒரே ஒரு ஆசீர்வாதம்தானா? என்னையும் ஆசீர்வதியும். வேட்டையாடித் திரிந்த முரட்டு மனுஷன் சத்தமிட்டு அழுகிறான். அப்பா காலம் முடியட்டும், தம்பியைக் கொன்றுபோடுவேன் என்று மனதில் வைத்துக்கொள்வதும் அப்போதுதான்.

ரெபெக்காள் சின்னவனைத் தன் சகோதரன் லாபானிடம் ஆரானுக்கு அனுப்புகிறாள். உன் அண்ணன் கோபம் ஆறும்வரை சில நாள் அங்கே இரு என்கிறாள். அந்தச் சில நாள் இருபது வருஷமானது. தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஒரு வரிகூட இல்லை. அவளுடைய தாதி தெபொராள் இறந்ததைக்கூட எழுதியிருக்கிறது. ரெபெக்காள் எப்போது இறந்தாள் என்று எழுதவில்லை, மக்பேலா குகையில் அடக்கம்பண்ணப்பட்டாள் என்பது மட்டும் பின்னால் யாக்கோபின் வாயால் தெரிகிறது.

லாபான் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தவனுக்கு விடிந்து பார்த்தால் பக்கத்தில் லேயாள். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை என்கிறான் மாமனார். மூத்தவன் இடத்தில் இளையவனாகப் போய் நின்றவனுக்கு அந்தப் பதில் எங்கே தைத்திருக்கும்! பழைய யூத வியாக்கியான நூலான ஆதியாகம ரப்பாவில், அன்று காலை லேயாளே அவனிடம் கேட்பதாக ஒரு கதை இருக்கிறது: உன் அப்பா ஏசா என்று கூப்பிட்டபோது நீ பதில் சொல்லவில்லையா? மறுபடி ஏழு வருஷம், அப்புறம் மந்தைக்காக ஆறு வருஷம், சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினார் என்ற புகார். கடைசியில் மாமனும் மருமகனும் கற்களைக் குவித்து, நான் இதைத் தாண்டி உன்னிடம் வரமாட்டேன், நீயும் தாண்டி என்னிடம் வராதே என்று உடன்படிக்கை செய்துகொண்டு பிரிகிறார்கள். அந்தக் கற்குவியலிலிருந்து நேராக யாக்கோபு வருவது அண்ணனைச் சந்திக்கத்தான். இதை மறக்காமல் 33-ஐ வாசிக்க வேண்டும்.

ஏசா நானூறு பேரோடு வருகிறான் என்று செய்தி. யாக்கோபு ஆட்களையும் மந்தையையும் இரண்டாகப் பிரிக்கிறான், ஒன்று அழிந்தாலும் மற்றது தப்பட்டும் என்று. ஜெபம் செய்கிறான். ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று கணக்குப் பார்த்தால் 550, ஒட்டகக் குட்டிகள் தனி. அவற்றை மந்தை மந்தையாக, இடைவெளி விட்டு முன்னால் அனுப்புகிறான். அடுத்த நாள் குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். வேலைக்காரிகளும் அவர்கள் பிள்ளைகளும் முன்னால், லேயாளும் அவள் பிள்ளைகளும் நடுவில், ராகேலும் யோசேப்பும் கடைசியில். வெட்டு விழுந்தால் யார் மேல் முதலில் விழலாம் என்று அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்று புரிந்திருக்கும். இருந்தாலும் எல்லோருக்கும் முன்னால் அவனே நடந்துபோனான், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஏசா ஓடி வருகிறான். கட்டிக்கொள்கிறான், கழுத்தில் விழுந்து முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள். எபிரெயத் தோரா சுருள்களில் அந்த முத்தத்துக்கு மேலே புள்ளிகள் வைத்து எழுதும் மரபு இருக்கிறது. அந்த முத்தம் உண்மையானதா என்று பழைய ரபிமார், அதாவது யூத வேத போதகர்கள், வாதாடியிருக்கிறார்கள். ரபி சிமியோன் பென் யோகாய், அந்த நேரத்தில் ஏசா முழு மனதோடுதான் முத்தமிட்டான் என்றார். நானும் அவர் பக்கம்தான். அவ்வளவு மந்தையையும் காட்டியபோது ஏசா சொன்னது: எனக்குப் போதுமானது இருக்கிறது, என் சகோதரனே, உன்னுடையது உனக்கே இருக்கட்டும். பழிவாங்க வந்தவன் இப்படிப் பேசமாட்டான். இதைக் கேட்ட பிறகும் யாக்கோபு அவனை ஆண்டவனே என்றுதான் கூப்பிடுகிறான். ஒருமுறைகூட சகோதரனே என்று வரவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வசனம். வா, சேர்ந்தே போகலாம் என்கிறான் ஏசா. பிள்ளைகள் இளசுகள், ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும், நீர் முன்னே போம், நான் மெதுவாகச் சேயீருக்கு வந்து சேர்கிறேன் என்கிறான் யாக்கோபு. சரி, என் ஆட்கள் சிலரையாவது துணைக்கு விட்டுப் போகட்டுமா? வேண்டாம். அன்றைக்கே ஏசா சேயீருக்குத் திரும்புகிறான். யாக்கோபு போனதோ சுக்கோத்துக்கு. அங்கே வீடு கட்டினான், மந்தைக்குக் கொட்டகை போட்டான். அப்புறம் யோர்தானைக் கடந்து சீகேமில் நிலமும் வாங்கினான். அண்ணனும் தம்பியும் சந்தித்தது யாப்போக்கு ஆற்றின் அருகே, அது இன்றைய ஜோர்தான் நாட்டின் சர்க்கா ஆறு. சேயீர் அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல், சாக்கடலையும் தாண்டிய மலைநாடு. சுக்கோத்து சேயீருக்குப் போகும் வழியிலேயே இல்லை.

வேதம் முழுக்கத் தேடியும் யாக்கோபு சேயீருக்குப் போனதாக எங்கும் இல்லை என்று ரபிமாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி மறுபடி ஒன்றாக நிற்பதாகச் சொல்லியிருப்பது, 180 வயதில் இறந்த ஈசாக்கை அடக்கம்பண்ணும்போதுதான்.

ஏன் போகவில்லை? என் கருத்து இது. யாக்கோபு 550 மிருகங்களைக் கொடுத்தான், ஏழுமுறை தரையில் விழுந்து வணங்கினான், ஆனால் "நான் உன்னை ஏமாற்றினேன்" என்று சொல்லவே இல்லை. வசனம் வசனமாகப் பாருங்கள், இல்லை. சொல்லாத வரைக்கும், அண்ணன் மன்னித்தது எதை என்று தம்பிக்கு நிச்சயமாகத் தெரியாது. அவன் மனதில் இருந்தது தன் கணக்கு. தான் பேசினால் அதில் வேறொன்று ஒளிந்திருக்கும், லாபான் பேசினாலும் அப்படித்தான், அப்படியானால் ஏசாவின் அணைப்பில் மட்டும் ஏன் இருக்காது?

இதை என் அம்மா வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கண்புரை வந்து பார்வை போயிருந்த தாத்தாவிடம் சின்ன மாமா கைநாட்டு வாங்கி, கிணற்றோடு இருந்த வயலைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். பெரிய மாமா சில வருஷம் பேசாமல் இருந்தார், அப்புறம் அவரே முதலில் போய்ப் பேசினார். சின்ன மாமா மகள் கல்யாணத்தில் சட்டை நனைய ஓடியாடி நின்றதும் அவர்தான். சின்ன மாமாவும் வாழைத்தார் கொடுத்தனுப்புவார், பண்டிகைக்கு வேட்டி எடுத்துத் தருவார். ஆனால் பெரிய மாமா வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. "இன்னொரு நாள் வர்றேண்ணே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார். வயல் விஷயத்தை இருவருமே வாயெடுத்துப் பேசவில்லை. பெரிய மாமாவுக்குக் கோபம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், சின்ன மாமா ஒருவரைத் தவிர.

எபிரெயர் நிருபம் ஏசாவைச் சீர்கெட்டவன் என்று சொல்வதால் நம் சபைகளில் அவனுக்கு நல்ல பேர் கிடையாது. சேஷ்டபுத்திரபாகத்தை அசட்டை பண்ணியது உண்மைதான். ஆனால் 33-ஆம் அதிகாரத்தில் அவன் நடந்துகொண்ட விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வயதில் மூத்தவன், நானூறு பேர் பலம், நியாயம் அவன் பக்கம். முதலில் ஓடி வந்ததும் அவன்தான்.

விஷயம் இவர்கள் இருவரோடும் முடியவில்லை. பல தலைமுறை கழித்து, எகிப்திலிருந்து புறப்பட்ட யாக்கோபின் சந்ததியான இஸ்ரவேல், ஏசாவின் சந்ததி வாழ்ந்த ஏதோம் நாட்டு எல்லையில் வந்து நிற்கிறது. காதேசிலிருந்து மோசே ஏதோமின் ராஜாவுக்கு ஆள் அனுப்புகிறான்: உம்முடைய சகோதரனாகிய இஸ்ரவேல் கேட்கிறது, உமது தேசத்தின் வழியாகப் போக விடும், வயலிலும் திராட்சத்தோட்டத்திலும் கால் வைக்கமாட்டோம், கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கமாட்டோம், ராஜபாதையிலேயே போய்விடுகிறோம். சகோதரன் என்ற சொல் இப்போது யாக்கோபு பக்கத்திலிருந்து வருகிறது. ஏதோம் நம்பவில்லை. திரளான ஆட்களோடு எதிரே வந்து நின்றது, இஸ்ரவேல் வேறு வழியாகச் சுற்றிப் போனது. எண்ணாகமம் 20-ல் இருக்கிறது.

அப்படி விரட்டப்பட்டவர்களுக்கு மோசே கொடுத்த சட்டத்தை உபாகமம் 23-ல் பாருங்கள்: ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன். மூன்றாம் தலைமுறையில் அவர்கள் பிள்ளைகள் கர்த்தருடைய சபைக்குள் வரலாம்.