9 மாதக் குழந்தையோடு கிருஷ்ணகிரி பக்கம் மாமியார் வீட்டில் தங்கப் போகிறோம். ப்ளக் மூடி, மேசை முனை ரப்பர் எல்லாம் இருக்கிற பேபி சேஃப்டி கிட் வாங்கிப் போனால் போதுமா?

வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கிட் அபார்ட்மெண்ட்டை மனதில் வைத்துச் செய்தது. எனக்கு பாலக்கோடு பக்கம், கூட்டுக் குடும்பம். எங்கள் ஊர் வீடுகள் பாதியில் மேசையே கிடையாது, ரப்பரை எங்கே ஒட்டுவது?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. குடிக்க அந்தத் தண்ணீர், புழங்க போர் தண்ணீர் என்று தனித்தனியாகப் பிடித்து வைப்போம். குழாயில் எந்நேரமும் வராது என்பதால் ட்ரம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பியே இருக்கும். வாசலில் தரையோடு தரையாக ஒரு தொட்டியும் இருக்கலாம்.

இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கனமும் அதிகம். பக்கெட் விளிம்பைப் பிடித்து எழுந்து எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. மூழ்கிப்போக இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். கையைக் காலை அடித்துக்கொண்டு கத்தும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் சத்தமே வராது.

ட்ரம்முக்குத் திருகு மூடி வேண்டும். மேலே தட்டு வைப்பதெல்லாம் மூடியாகாது. குளித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். தொட்டி மூடிக்குப் பூட்டு; பலகைக்கல் போட்டிருந்தால் தண்ணீர் மொண்டவர் நகர்த்தி வைத்துவிட்டு மறந்துபோவார். மூடி விஷயத்தை மாமியாரிடம் டெங்கு கொசுவிலிருந்து ஆரம்பியுங்கள். "நாங்கெல்லாம் புள்ள வளர்க்கலையா?" என்ற பேச்சே வராது.

அடுத்தது தொண்டை. மாசி, பங்குனியில் போகிறீர்கள் என்றால் பல வீட்டில் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள், கொட்டை மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும். நிலக்கடலையும் அப்படித்தான், நான்கைந்து வயது வரை முழுக்கடலையே கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போன கடலை சில சமயம் இருமி அடங்கியதுபோல் தோன்றும். அப்புறம் நாள்கணக்கில் இருமலும் இழுப்பும் இருக்கும், வீட்டில் சளி என்றே நினைப்பார்கள். புரை ஏறியதைக் கண்ணால் பார்த்திருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடைத்துக்கொண்டு அழுகைச் சத்தமே வரவில்லை என்றால், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, திருப்பிப் போட்டு மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும்.

தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடித்த மருந்தின் மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணை ஓரம் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. போனதும் ஒரு சுற்று சுற்றி அதையெல்லாம் பூட்டி வையுங்கள், எலி பேஸ்ட்டையும் சேர்த்து. குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஜி.எச். ஓடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் என்றால் குளிர்காலத்தில் பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடுவார்கள். குழந்தை இருக்கும் வரை அடுப்பிலேயே வெந்நீர் வைக்கச் சொல்லுங்கள். புடவைத் தூளியும் குழந்தை தானாக எழுந்து உட்காரும் வரைதான். அதற்கு மேல் துணி கழுத்தில் முறுக்கிக்கொள்ளலாம்.

கிட்டில் வரும் ப்ளக் மூடியைச் சில குழந்தைகள் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். அந்தக் காசில் கையெட்டும் உயரத்தில் இருக்கிறவற்றுக்கு மட்டும் ஷட்டர் வைத்த (ப்ளக் செருகாதபோது துளைகள் உள்ளே மூடியிருக்கும்) சாக்கெட் மாற்றலாம். எலக்ட்ரீஷியன் வரும்போது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ட்ரில்லிங் மெஷின் கொண்டு வந்திருந்தால் பீரோவையும் டிவி ஸ்டாண்டையும் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டுவிடச் சொல்லுங்கள்.