வகுப்பில் திரை நேரம்: செந்தூல் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகளுக்குத் தமிழ், கணிதம், அறிவியல் எல்லாவற்றிலும் காணொளிதான் ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கசக்குகிறாள், கேட்டால் ஆசிரியர் பிள்ளையை ஒதுக்கிவிடுவாரோ என்று எழுதியிருந்தீர்கள்.

மணிக்கணக்கை வைத்து வாதாடாதீர்கள். பலரும் காட்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘நாளுக்கு ஒரு மணி நேரம்தான் திரை’ என்ற வரம்பு (2019) ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. அதைக் கொண்டுபோனால் சுலபமாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள். திரையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் காட்டி, நிறுத்தி, பிள்ளைகளைப் பேசவைத்தால் அது பாடம். படம் பாட்டுக்கு ஓட, ஆசிரியர் கோப்பு எழுதினால் அது வேறு. (அந்தக் கோப்பு வேலை அவர்களுக்குத் தலைக்குமேல் இருப்பதும் உண்மைதான்.)

கண் விஷயத்தில் நான் பெரிதாக நினைப்பது வெயில் வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே சுமார் 30 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 40. ஆகவே உடற்கல்விப் பாடவேளை திடலில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். மகளுக்குக் கண் பரிசோதனையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதை எழுப்பாதீர்கள். முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாகப் போங்கள், அப்போது உங்கள் பிள்ளை பெயர் தனியாக அடிபடாது.